மூலையில் ஒரு ஓட்டை: பழைய ஸ்டீரியோ ரிசீவரும் ஹெட்போனும்

மும்பையில் எங்கள் ஃப்ளாட் எப்படிப்பட்டது என்று விளக்க ஒரு வரி போதும். ராத்திரி அப்பா ஹாலில் தும்மினால், காலையில் பக்கத்து ஃப்ளாட் ஆஜி தங்கமணியிடம் "மாமாவுக்குச் சளியா?" என்று கேட்பார். அவ்வளவு கனமான சுவர்!

அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விருதுநகரில் விட மனசில்லை. கூட்டி வந்துவிட்டோம். எண்பதைத் தாண்டியவர். இரண்டு பெட்டி துணிமணி, அம்மாவின் போட்டோ, அப்புறம் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கனமான மூட்டை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே இருந்தது 1978ல் பஹ்ரைனில் வாங்கிய ஸ்டீரியோ ரிசீவர். சேனலுக்கு 35 வாட். மரப்பெட்டி, அலுமினிய முகப்பு, நீலவெளிச்சத்தில் எண்கள் தெரியும் டயல். (கம்பெனி பெயர் வேண்டாம். சொன்னால் மற்ற கம்பெனி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.) கூடவே மஞ்சள் பஞ்சு வைத்த ஒரு ஹெட்போன்.

அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. வலது காது கொஞ்சம் மந்தம். ஃபோனில் ஹெட்செட் மாட்டிக் கொடுத்தேன். "ஒரு பக்கமாத்தான் கேக்குதுடா, பாட்டு பாதி காணோம்" என்றார். ஸ்பீக்கரில் போட்டால் பையனுக்குப் பரீட்சை. "அந்தப் பெட்டியைச் சரி பண்ணிக் கொடேன்" என்றார். எஞ்சினியர் பிள்ளைக்கு இதுகூட முடியாதா என்ற தொனி அதில் இருந்தது.

அந்தப் பெட்டியின் முகப்பில், இடது கீழ் மூலையில், 'ஃபோன்ஸ்' என்று எழுதிய ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஹெட்போனைச் செருகிக் கேட்கலாம். இந்த ஓட்டை அங்கே எப்படி வந்தது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் கையை வைத்துச் சூடுபட்டேன். பிறகுதான் அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அதுதான் இந்தப் பதிவு.

*

முதலில் ஹெட்போன். பாட்டுக் கேட்க வந்த சாமான் இல்லை அது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் கப்பல் வயர்லெஸ் அறையிலும் வேலை பார்த்தவர்களின் கருவி. 1910ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். 1937ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி டிடி 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தது. ரிசீவரில் இருக்கும் அந்தக் கால் அங்குல ஓட்டைகூட, பத்தொன்பதாம் நூற்றாண்டு எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் வயரைச் செருகிச் செருகி எடுத்த அதே ஜாக்தான்.

அடுத்து ரிசீவர். ரேடியோ நிலையத்தைப் பிடிக்கும் டியூனர், குமிழ்கள் உள்ள ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையர் என்று ஒரு காலத்தில் மூன்று தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டால் அதன் பெயர் ரிசீவர். சிட்னி ஹார்மனும் பெர்னார்ட் கார்டனும் 1953ல் தொடங்கிய கம்பெனி, 1954ல் 'ஃபெஸ்டிவல்' என்ற பெயரில் அப்படி ஒன்றை விற்றது. சயின்ஸ் படிக்காத சாதாரண ஆளும் கடையில் வாங்கி, வீட்டில் வைத்துச் சுவிட்சைப் போடலாம் என்று ஆனது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்தவர் ஜான் காஸ். மில்வாக்கி ஊர்க்காரர். கல்யாணத்தில் சோபா வாங்கிக்கொள்ளச் சொல்லி வந்த மொய்ப் பணத்தை எடுத்து, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டிவி வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியவர். (வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்பது சரித்திரத்தில் இல்லை!) 1958ல் மார்ட்டின் லாங்கே என்ற எஞ்சினியரோடு சேர்ந்து ஒரு சின்ன ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் செய்தார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்க அதில் ஒரு 'பிரைவசி' சுவிட்ச், அதற்காக ஒரு ஜோடி ஹெட்போன். மில்வாக்கி ஆடியோ கண்காட்சியில் வைத்தார்கள். பிளேயரை யாரும் சட்டை செய்யவில்லை. ஹெட்போனை மாட்டியவர்கள் கழற்றவில்லை. எஸ்பி-3 என்ற அந்த ஹெட்போன்தான் பாட்டுக் கேட்பதற்கென்றே விற்பனைக்கு வந்த முதல் ஸ்டீரியோ ஹெட்போன்.

காலமும் ஒத்துவந்தது. ஸ்டீரியோ எல்.பி. ரெக்கார்டுகள் கடைக்கு வந்ததும் அதே 1958ல்தான். 1961 ஜூன் மாதம் அமெரிக்காவில் எஃப்.எம். ஒலிபரப்பும் ஸ்டீரியோவில் தொடங்கியது. ஸ்டீரியோ எஃப்.எம். கேட்க வேண்டுமென்றால் புதுப் பெட்டி வாங்க வேண்டும். ரிசீவர் வியாபாரம் அங்கிருந்து ஏறத் தொடங்கியது.

*

முதல் பத்து வருஷம் அமெரிக்கக் கம்பெனிகளின் ராஜ்யம். ஃபிஷர், ஸ்காட், ஷெர்வுட், ஹார்மன் கார்டன். வால்வு போட்ட பெட்டிகள். ஃபிஷர் கம்பெனியை 1969ல் விற்ற ஏவரி ஃபிஷர், 1973ல் நியூயார்க்கின் பெரிய கச்சேரி அரங்கத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தார் என்றால், ரிசீவரில் எவ்வளவு காசு புரண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, ஜப்பான் வந்தது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அந்த விலையில் ஜப்பான் சரக்கு அமெரிக்கனுக்கு மலிவு. வியட்நாம் போருக்காக ஆசியாவில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள், ராணுவக் கேன்டீனில் சல்லிசாகக் கிடைத்த சான்சுயி, பயோனியர், அகாய் பெட்டிகளை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். நம் மிலிட்டரி கேன்டீன் கதைதான். இப்படி, விளம்பரம் போய்ச் சேருவதற்கு முன்பே ஜப்பான் பெட்டிகள் அமெரிக்க வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. மராண்ட்ஸ் அமெரிக்கப் பெயர்தான், ஆனால் 1964லேயே சால் மராண்ட்ஸ் கம்பெனியை சூப்பர்ஸ்கோப்புக்கு விற்றுவிட்டார். எழுபதுகளில் அந்தப் பெயரில் வந்த ரிசீவர்களில் பெரும்பாலானவை ஜப்பானில் செய்தவை.

கூடவே ஒரு பித்தலாட்டமும் வளர்ந்தது. வாட் கணக்கு. தொண்ணூறுகளில் நம்மூர் டூ-இன்-ஒன் செட்டில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அண்ணன்கள் அமெரிக்காவில் அறுபதுகளிலேயே இருந்தார்கள். ஒரே கணம் வரும் உச்சத்தை எடு, இரண்டு சேனலையும் கூட்டு, ஒலி எவ்வளவு கெட்டுப்போனாலும் கண்டுகொள்ளாதே, வந்த எண்ணை விளம்பரத்தில் போடு!

1974ல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் ஒரு விதி போட்டது. இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், சக்தி தொடர்ந்து வர வேண்டும், எந்தெந்த அதிர்வெண்ணில், எவ்வளவு சிதைவோடு என்று சொல்ல வேண்டும். அதற்கும் மேல், அளப்பதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் பெட்டியை ஓட்ட வேண்டும். பார்க்க சாதாரணமாகத் தெரியும் இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். இந்த வகை ஆம்ப்ளிஃபையர், முழுச் சக்தியில் ஓடுவதைவிட இப்படிப் பாதியும் குறையுமாக ஓடும்போதுதான் அதிகமாகச் சூடாகும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கப் பெரிய ஹீட்சிங்க், பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கண்டென்சர் எல்லாம் வேண்டும். பொய் சொல்ல முடியாது என்றானதும் உண்மையாகவே பெரிய பெட்டி செய்தார்கள். (இந்த விதி இன்றும் இருக்கிறது. 2024ல் இன்னும் இறுக்கினார்கள்.)

அடுத்து நடந்தது ஒரு குஸ்தி. 1976ல் பயோனியர் எஸ்எக்ஸ்-1250, சேனலுக்கு 160 வாட். 1978ல் எஸ்எக்ஸ்-1980, 270 வாட், எடை சுமார் 35 கிலோ. மராண்ட்ஸ் 2600 பெட்டி 300 வாட், சான்சுயி ஜி-33000ம் 300. டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000 ஒரு படி மேலே போய் 330. வரவேற்பறையில் பாட்டுக் கேட்க இரண்டு மூன்று வாட்டே தாராளம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

அப்பா வாங்கியது இந்த யானைகளின் கடைக்குட்டித் தம்பி. ஆனால் வளர்ப்பு ஒன்றுதான்.

*

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். 1983ல் அப்பா பஹ்ரைனிலிருந்து ஊருக்கு வந்தபோது தெருவே பெட்டியைப் பார்க்க வந்தது. டயலில் பாதி எஃப்.எம். ஆனால் விருதுநகரில் எஃப்.எம். ஏது? இந்தியாவில் வானொலியின் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் வந்ததே நம் சென்னையில்தான், 1977 ஜூலை 23ல். அது அங்கேயே சுற்றுவட்டாரத்தில் நின்றுவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது 'ஸ்ஸ்ஸ்' மட்டும். அப்பா அதையும் முள்ளைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். "ஒரு நாள் வரும்டா" என்பார்.

வந்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. எஃப்.எம்.மில் இரைச்சலைக் குறைக்க, ஒலிபரப்பும்போது கீச்சுப் பகுதியை ஏற்றி அனுப்புவார்கள், ரிசீவர் அதே அளவு இறக்கிக்கொள்ளும். அமெரிக்க அளவு 75 மைக்ரோ செகண்ட், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டியில் நம் வானொலியைக் கேட்டால் மேல் ஸ்தாயி சுமார் 3 டெசிபல் மங்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் நினைத்திருப்பார்கள். ட்ரெபிள் குமிழை ஒரு கட்டை ஏற்றினால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் பெட்டி ஓடியது கேசட்டில்தான். 1978ல் ஸ்டீரியோவில் வந்த 'ப்ரியா' பாட்டுகளை அப்பா அந்த மஞ்சள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டு ஒரு காதை அவளிடம் கொடுப்பார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "பருப்பு அடி பிடிக்கும்" என்று போய்விடுவாள்.

*

சரி, இப்போது அந்த ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஏமாந்துவிடாதீர்கள். பெரும்பாலான எழுபதுகளின் ரிசீவர்களில் ஹெட்போனுக்கென்று தனி ஆம்ப்ளிஃபையரே கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே வயரிலிருந்து, சேனலுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு ஓட்டைக்கு இழுத்திருப்பார்கள். இரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான் செலவு. பெட்டிக்குப் பெட்டி மாறும். பொதுவாக நூறிலிருந்து நானூற்றுச் சொச்சம் ஓம் வரை. என் பெட்டியில் மல்டிமீட்டர் 330 என்று காட்டியது.

இதைத்தான் நான் முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அது கஞ்சத்தனமாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைய ஹெட்போன்களுக்கு அது கனகச்சிதம். ஒரு ஹெட்போன் மின்சாரத்துக்கு எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதை இம்பீடன்ஸ் என்பார்கள், ஓமில் அளப்பார்கள். அப்பாவின் மஞ்சள் பஞ்சு ஹெட்போன் 1968ல் வந்த சென்ஹைசர் எச்டி 414 மாடல். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதன் இம்பீடன்ஸ் 2000 ஓம். ஏகேஜி, பேயர் கம்பெனிகளின் நல்ல ஹெட்போன்கள் 600 ஓம். இவற்றுக்குக் கரண்ட் கொஞ்சம் போதும், வோல்டேஜ் நிறைய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கரில் 35 வாட் தரும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு சுமார் 16.7 வோல்ட். நடுவில் 330 ஓம்.

2000 ஓம் ஹெட்போனுக்குப் போய்ச் சேருவது 14 வோல்ட், 100 மில்லிவாட்.
600 ஓமுக்கு 10.8 வோல்ட், 190 மில்லிவாட்.
300 ஓமுக்கு 8 வோல்ட், 210 மில்லிவாட்.
இன்றைய 32 ஓமுக்கு 1.5 வோல்ட், 70 மில்லிவாட்.

எல்லாமே காதுக்குத் தேவையானதைவிட அதிகம், எதுவுமே ஹெட்போனைக் கொளுத்தும் அளவு இல்லை. ஒரே ஒரு ரெசிஸ்டர் எல்லா ஹெட்போனுக்கும் நியாயம் செய்துவிடுகிறது. இப்போது ஃபோனைப் பாருங்கள். அது தருவது அதிகபட்சம் சுமார் 1 வோல்ட். 2000 ஓமில் அரை மில்லிவாட். அப்பாவின் ஹெட்போனை ஃபோனில் செருகியபோது அது கிணற்றுக்குள்ளிருந்து பேசியதற்குக் காரணம் இதுதான். ஹெட்போன் கெட்டுப்போகவில்லை, அதற்குத் தீனி போதவில்லை.

ஹெட்போன்கள் ஏன் 32 ஓமுக்கு இறங்கின? 1979 ஜூலையில் சோனி வாக்மேன் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி, 3 வோல்ட். அந்தக் குறைந்த வோல்டேஜில் சத்தம் வர வேண்டுமானால் இம்பீடன்ஸ் குறைய வேண்டும். அதற்குப் பிறகு ஃபோன் வரைக்கும் அதே பாதைதான்.

பெரிய ரிசீவர்களின் காலமும் அப்போதே முடிந்தது. 1978ல் டாலருக்கு 200 யென்னுக்கும் கீழே போய்விட்டது. 35 கிலோப் பெட்டியைக் கப்பலேற்றி விற்பது கட்டுப்படியாகவில்லை. எண்பதுகளில் மரப்பெட்டியும் அலுமினியமும் போய்க் கறுப்புத் தகரமும் பிளாஸ்டிக்கும் வந்தன. அப்புறம் ஹோம் தியேட்டர். பயோனியர் தன் வீட்டு ஆடியோ பிரிவை 2015ல் ஓங்கியோவிடம் கொடுத்தது. ஓங்கியோவின் அந்தக் கம்பெனி 2022ல் திவாலானது. சான்சுயி 2014ல் திவால். நம்மூரில் அந்தப் பெயர் வீடியோகான் விற்ற டிவியில்தான் பலருக்குப் பழக்கம். மராண்ட்ஸ் பல கை மாறி 2025ல் ஹார்மனிடம் வந்திருக்கிறது. 1954ல் ரிசீவர் விற்ற அதே ஹார்மனின் வாரிசு. வட்டம் சுற்றி முடித்திருக்கிறது!

*

இனி நான் செய்த கூத்து. இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்கு முன்னால் செய்தது.

"330 ஓம் ரெசிஸ்டர் ஒலியைக் கெடுக்கிறது, எடுத்துவிட்டால் முழுச் சக்தியும் வரும்" என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்னை எடுத்து இரண்டு ரெசிஸ்டரையும் வயர் போட்டு ஷார்ட் செய்தேன். ஆசைப்பட்டு வாங்கிய என் 32 ஓம் ஹெட்போனை மாட்டினேன். பாட்டுப் போடும் முன்பே காதில் மழை. அந்த 330 ஓம் பாட்டை மட்டும் இறக்கவில்லை, ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலையும் 32 ஓமுக்குப் பதினோரு மடங்கு, அதாவது 21 டெசிபல், இறக்கி வைத்திருந்தது. வால்யூம் குமிழைத் துளி திருப்பினாலே சத்தம் பிய்த்தது. குமிழின் ஆரம்பப் பகுதியில் இடது வலது சமமாக வராது என்பதால் பாட்டு ஒரு காதில் தொங்கியது.

சரி, அணைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று அணைத்தேன். சாயங்காலம் பையனுக்குக் காட்டலாம் என்று, ஹெட்போன் செருகியபடியே இருக்க, சுவிட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். இடது பக்கம் செத்துப்போனது. ஆம்ப்ளிஃபையர் நிலைக்கு வரும்வரை ஸ்பீக்கரை இணைக்காமல் காக்கும் ரிலே உள்ளே உண்டு. ஆனால் என் பெட்டியில் ஹெட்போன் வயர் அந்த ரிலேவுக்கு முன்னாலேயே பிரிகிறது. அங்கே காவல் அந்த ரெசிஸ்டர்தான். அதைத்தான் நான் தூக்கிவிட்டேன். நல்லவேளை, ஹெட்போன் காதில் இல்லை, மேஜையில் இருந்தது. பையன் மாட்டிக்கொண்டிருந்தால்? அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மட்டும் கேட்டார்.

*

மறுவாரம் ரெசிஸ்டரைப் பழையபடி ஆக்கிவிட்டு, உண்மையிலேயே செய்ய வேண்டியதைச் செய்தேன். உங்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் உதவும்.

முதலில் மின்சாரம். அமெரிக்கப் பெட்டி என்றால் 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர்ப் பெட்டி என்றால் 100. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230ல் செருகினால் கதை முடிந்தது. வளைகுடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போன பெட்டிகள் பலவற்றில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும், அது எதில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல வருஷம் தூங்கிய பெட்டியை நேரடியாக எழுப்பக் கூடாது. பழைய குண்டு பல்பு ஒன்றை சீரீஸில் போட்டு ஓட்டுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து கொஞ்ச நேரத்தில் மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

அடுத்து அழுக்கு. குமிழ் திருப்பும்போது கரகரப்பு, ஒரு சேனல் வந்து வந்து போவது, இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி சுவிட்ச், கன்ட்ரோல்களின் துரு. கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது தடவை திருப்பினால் பாதி வியாதி போய்விடும். ஸ்பீக்கரில் கேட்காத கரகரப்பெல்லாம் ஹெட்போனில் கேட்கும் என்பதால் நமக்கு இதுதான் முதல் வைத்தியம்.

மூன்றாவது, எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் காய்ந்துபோயிருக்கும். ஹம் சத்தம் அதனால்தான். லேமிங்டன் ரோட்டில் வாங்கினேன். ஆனால் எதை மாற்றுவது, எத்தனை வோல்ட் என்று தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் உதறும். கடைசியில் ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்டுக்குள் இருக்க வேண்டும்.

நான்காவது, 32 ஓம் ஹெட்போன்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? அங்கே 330 ஓமால் உண்மையிலேயே ஒரு கெடுதல் உண்டு. பல ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் பாஸ் பகுதியில் மேலே எழும்பும். 32 என்பது அங்கே 80 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 ஓம் வழியாகக் கேட்டால் அந்த இடம் மட்டும் சுமார் 7 டெசிபல் தூக்கும், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் 'பொம் பொம்' என்று வீங்கும். மருந்து, ரெசிஸ்டரை எடுப்பது அல்ல, இன்னொன்றைச் சேர்ப்பது. ஓட்டைக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பாவில், ஒவ்வொரு சேனலிலும் ஹெட்போனுக்கு இணையாக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். ஹெட்போன் பார்க்கும் மின்தடை 330லிருந்து சுமார் 10 ஓம் ஆகிவிடும், வீக்கம் ஒன்றரை டெசிபலுக்குள் அடங்கும். சத்தம் குறையும், அதனால் வால்யூம் குமிழைத் தாராளமாகத் திருப்பலாம், இரைச்சலும் அமுங்கும். பெட்டிக்குள் ஒரு வயரைக்கூடத் தொட வேண்டாம். வேண்டாமென்றால் டப்பாவைக் கழற்றினால் போதும்.

300 ஓம், 600 ஓம் ஹெட்போனுக்கு இது எதுவும் தேவையில்லை. நேராகச் செருகுங்கள். ஆனால் ஒன்று: இந்தப் பெட்டியால் காதைக் கெடுக்கவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஏற ஏற நேரம் மளமளவென்று குறைய வேண்டும்.

*

இப்போது அப்பாவின் விஷயம்.

மஞ்சள் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. புதுப் பஞ்சு வாங்கிப் போட்டோம். ஃபோனிலிருந்து ஒரு வயர் ரிசீவரின் 'ஆக்ஸ்' ஓட்டைக்கு. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் கை தானாகப் போனது. முதலில் மோனோ சுவிட்ச். இடது காதுக்கு மட்டும் போன வயலினும், வலது காதுக்கு மட்டும் போன குரலும் இப்போது இரண்டு காதுக்கும் வந்தன. அடுத்து பேலன்ஸ் குமிழ். மெல்ல வலப்பக்கம் திருப்பினார். நல்ல காதில் சத்தம் இறங்கி, மந்தமான காதும் சமமாகச் சேர்ந்துகொள்ளும்வரை. அப்புறம் ட்ரெபிள், இரண்டு கட்டை மேலே.

"இப்ப நடுவுல வந்துருச்சுடா" என்றார்.

ஃபோனிலும் இந்த வசதிகள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். செட்டிங்ஸுக்குள் ஆறாவது அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது எட்டாது. குமிழ் எட்டும், கண்ணாடி இல்லாமலே. (காது டாக்டரிடமும் காட்டிவிட்டோம். ஹெட்போன் வைத்தியம் ஆகாது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.)

300 வாட் என்றும் 330 வாட் என்றும் அடித்துக்கொண்ட கம்பெனிகளில் யாரும் அந்த மூலை ஓட்டையை நினைத்துக் குஸ்தி போடவில்லை. அது மிச்சத்தில் கிடைத்தது. வரவேற்பறை போய், பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமும் போய், இப்படிச் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும்போது, அந்தப் பெட்டியில் எங்களுக்கு அதிகம் உதவுவது அந்த மிச்சம்தான்.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் நீல வெளிச்சம். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். குனிந்து காதை வைத்தேன். 'ப்ரியா'.

பி.கு: ஊரில் உங்கள் வீட்டுப் பரணிலும் சிங்கப்பூர், துபாய் என்று வந்த பெட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது காயலான் கடைக்குப் போடும் முன்னால், முகப்பின் மூலையில் அந்த ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.